வழக்கு முடக்கிய படம்... அந்த வழக்கே காப்பாற்றிய படம்! ‘மார்த்தாண்ட வர்மா’ மௌனப் படத்தின் கதை

தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் பகுதிகளில் பேசாப் படக் காலத்தில் நூற்றுக்கும் அதிகமான படங்கள் எடுக்கப்பட்டன. இன்று அவற்றில் எத்தனையைப் போட்டுப் பார்க்க முடியும்? முழு நீளக் கதைப் படம் என்று எடுத்துக்கொண்டால், ஆய்வாளர்கள் சொல்லும் பதில்: ஒன்றே ஒன்று. அதுதான் 1933-ல் வெளியான ‘மார்த்தாண்ட வர்மா’.

இந்தப் படம் ஓடி வசூல் குவித்ததால் பிழைக்கவில்லை. அருமை தெரிந்து யாரோ பத்திரப்படுத்தியதாலும் பிழைக்கவில்லை. கோர்ட் வழக்கில் சிக்கி, சில நாட்களிலேயே பெட்டிக்குள் போனதால்தான் பிழைத்தது. தயாரித்தவருக்குப் பெருநஷ்டம், ஆனால் சினிமா வரலாற்றுக்கு லாபம். அது எப்படி?

என்ன படம் இது?

திருவிதாங்கூர் எழுத்தாளர் சி.வி.ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மலையாள வரலாற்று நாவலின் திரைவடிவம் இது. மலையாளத்தில் வெளிவந்த முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். படத்தைத் தயாரித்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர்.சுந்தர்ராஜ். இயக்கியவர் பி.வி.ராவ். ஜெயதேவ், ஏ.வி.பி.மேனன், பத்மினி, தேவகி ஆகியோர் நடித்தனர்.

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால், கேரள சினிமா வரலாற்றில் ‘இரண்டாவது மலையாளப் படம்’ என்று எழுதப்படும் இந்தப் படத்தின் தயாரிப்பாளர் ஊர் இன்றைய தமிழ்நாட்டில் இருக்கிறது. கதை நடக்கும் பத்மநாபபுரம் அரண்மனையும் தக்கலைக்குப் பக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது.

மதுரைக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. நாவலின் காலம் 1720-களின் பிற்பகுதி. வேணாட்டு அரசர் ராமவர்மாவுக்கு உள்ளூரிலேயே எதிரிகள் பலர். ‘எட்டுவீட்டில் பிள்ளைமார்’ என்ற நிலக்கிழார்கள் அரசரை மதிக்கவில்லை. அவர்களை அடக்க அவரிடம் போதிய படை இல்லை. எனவே 1726-ல் மதுரை நாயக்க அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அங்கிருந்து படை உதவி பெற்றார். நாயக்கர்களின் தலைநகர் அப்போது திருச்சிக்கு மாறியிருந்தது. ஆனாலும் தென்கோடி மக்களுக்கு அது ‘மதுரைப் படை’தான்.

அப்படி வந்த படை சும்மா இருக்குமா? பணம் கொடுக்க வேண்டும், சோறு போட வேண்டும். அதுவே புதுச் சிக்கலானது. நாவலிலும் இது வருகிறது. நாகர்கோவிலுக்கு வடக்கே உள்ள பூதப்பாண்டியில் மதுரைப் படையோடு சமாதானம் பேசி முடித்துவிட்டுத் திரும்பும் இளவரசர் மார்த்தாண்ட வர்மாவை, வழியிலேயே தீர்த்துக்கட்ட எதிரிகள் ஆள் அனுப்புகிறார்கள். துரத்தல், தப்பித்தல், மாறுவேடம் எல்லாம் அங்கிருந்துதான் வேகமெடுக்கின்றன.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு ராஜ்யம், இந்தப் பக்கம் ஒரு ராஜ்யம். ஆனால் வணிகர்களும் படைவீரர்களும் நெல் வண்டிகளும் அந்தக் கணவாய் வழியே போய் வந்துகொண்டேதான் இருந்தார்கள். பாண்டிச் சமவெளியின் அரசியல் தெரியாமல் வேணாட்டு அரண்மனைச் சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது.

சாகசம், காதல், மாறுவேடம்: கதை என்ன?

கதையின் முடிச்சு வாரிசுச் சண்டை. வேணாட்டில் அரச குடும்பம் மருமக்கள்தாய முறையைப் பின்பற்றியது. அதாவது, அரசருக்குப் பிறகு அவருடைய மகன் பட்டத்துக்கு வர மாட்டார். சகோதரி வழி மருமகன்தான் வருவார். ராமவர்மாவின் மருமகன் மார்த்தாண்ட வர்மா. ஆனால் அரசரின் மகன்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் ‘அப்பா சொத்து எங்களுக்குத்தான்’ என்று நிற்கிறார்கள். எட்டுவீட்டில் பிள்ளைமார் தம்பிகள் பக்கம் சேர்கிறார்கள். இளவரசருக்குத் தலை தப்புவதே பெரும்பாடாகிறது.

இந்த அரசியலுக்குள் ஒரு காதல் கதை. அனந்தபத்மநாபன் என்ற வீரனும் பாருக்குட்டி என்ற பெண்ணும் காதலர்கள். பஞ்சவன்காட்டில் அனந்தபத்மநாபன் தாக்கப்படுகிறான். அவன் செத்துவிட்டான் என்று ஊரே நம்புகிறது. பாருக்குட்டி மட்டும் நம்பவில்லை. அவளை அடைய பப்புத் தம்பி வலைவீசுகிறான்.

அனந்தபத்மநாபன் உண்மையில் சாகவில்லை. அந்த வழியே வந்த பட்டாணிய வணிகக் கூட்டம் அவனைக் காப்பாற்றுகிறது. பிறகு பித்தனாகவும், பட்டாணியனாகவும், காசியிலிருந்து வந்த பரதேசியாகவும் வேடம் மாற்றி மாற்றி இளவரசருக்குக் காவலாக நிற்கிறான். வணிகர் கூடாரத்தில் உள்ள சுலைகா என்ற பெண் அவனை விரும்புகிறாள். சுபத்ரா என்ற துணிச்சலான பெண் எதிரிகளின் ரகசியங்களைக் கண்டுபிடித்து இளவரசர் தரப்புக்கு உதவுகிறாள். கடைசியில் அதற்காக உயிரையே கொடுக்கிறாள். காதலர்கள் சேர்கிறார்கள், மார்த்தாண்ட வர்மா அரியணை ஏறுகிறார்.

வால்டர் ஸ்காட் எழுதிய ‘ஐவன்ஹோ’ நாவலின் சாயல் இதில் உண்டு என்று விமர்சகர்கள் சொல்வார்கள். தமிழ் வாசகர்களுக்கு கல்கியின் வரலாற்றுக் கதைகள் நினைவுக்கு வரலாம். காலத்தால் இது கல்கிக்கு அரை நூற்றாண்டு முந்தியது.

வரலாற்றில் மார்த்தாண்ட வர்மா 1729 முதல் 1758 வரை ஆண்டார். 1741-ல் குளச்சல் போரில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தவர் அவர்தான். நாவலும் படமும் அதற்கு முந்தைய, பட்டத்துக்கு வரும் வரையிலான அவருடைய தலைமறைவு வாழ்க்கையைச் சொல்பவை.

நாகர்கோவில்காரருக்கு சினிமா ஆசை எப்படி வந்தது?

சுந்தர்ராஜின் உறவினர் ஜே.சி.டேனியல். ‘மலையாள சினிமாவின் தந்தை’ என்று இன்று கொண்டாடப்படுபவர். அவர் தன் சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ அமைத்து ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். அதில் நடித்த பி.கே.ரோஸி ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பெண். அவர் உயர்சாதிப் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறுக்காத கூட்டம் திரையரங்கில் கலவரம் செய்தது. ரோஸி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து முடித்தார். டேனியல் கையிலிருந்ததை எல்லாம் இழந்தார். பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்து, 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார்.

உறவினருக்கு இப்படி ஆன பிறகும் சுந்தர்ராஜ் படம் எடுக்கத் துணிந்தார். காலமும் அவருக்குச் சாதகமாக இல்லை. 1931 அக்டோபர் 31-ம் தேதி ‘காளிதாஸ்’ வெளியாகி, திரையில் தமிழ் பேசத் தொடங்கிவிட்டது. 1933-ல் மௌனப் படம் எடுப்பது என்பது, கலர் டிவி வந்த பிறகு கருப்பு-வெள்ளை டிவி தயாரிப்பது மாதிரி. ஆனால் மலையாளத்தில் அதுவரை பேசும் படம் வரவில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் தயாரித்த ‘பாலன்’ 1938-ல்தான் வந்தது. எனவே, ஊரே அறிந்த கதையை எடுத்தால் கூட்டம் வரும் என்ற கணக்கு தவறானது என்று சொல்லிவிட முடியாது.

பேசாத படத்தை மக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்?

காட்சிகளுக்கு இடையே எழுத்து அட்டைகள் வரும். ‘மார்த்தாண்ட வர்மா’வில் அவை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தன. சில வரிகள் நாவலிலிருந்தே எடுக்கப்பட்டவை. திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் தொடர்பான ஊர்வலக் காட்சியும் படத்தில் உண்டு. அது நடிப்பல்ல, அந்தக் காலத்து நேரடிப் பதிவு.

ஆனால் கொட்டகைக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, “இவன்தான் வில்லன்... இதோ கத்தியை உருவுகிறான்” என்ற ரீதியில் கதை சொல்லிக்கொண்டே வருவார். கூடவே ஆர்மோனியமோ தபேலாவோ வாசிப்பார்கள். சண்டை வந்தால் வாத்தியத்தின் வேகம் கூடும். ‘மௌனப் படம்’ என்று பெயரே தவிர, கொட்டகை ஒருநாளும் மௌனமாக இருந்ததில்லை.

தென் மாவட்டங்களுக்கு சினிமா வந்தது ரயில் வழியாகத்தான். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராக டெண்ட் அடித்துக் காட்டத் தொடங்கினார். டூரிங் சினிமாவின் தொடக்கம் அதுதான். அப்போது மதுரை நாடகத்தின் கோட்டை. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’, பிறகு ‘மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி’ என்று நாடகக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த ஊர். விடிய விடியப் பாட்டுக் கேட்டுப் பழகிய மக்களுக்கு, பாட்டே இல்லாத சினிமாவில் பிடித்தது சண்டையும் குதிரைச் சவாரியும்தான். எட்டி போலோ போன்ற வெளிநாட்டு ஸ்டண்ட் நடிகர்களின் தொடர்படங்களுக்குத் தமிழ்நாடெங்கும் ரசிகர்கள் இருந்தார்கள். புதுக்கோட்டைக்காரரான ராஜா சாண்டோ பம்பாய்க்குப் போய் மௌனப் பட நாயகனாகப் புகழ்பெற்றதும் உடல்வலிமையால்தான்.

சிவகங்கையில் பிறந்த ஏ.நாராயணன் சென்னையில் ‘ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன்’ தொடங்கி, வரிசையாக மௌனப் படங்களை எடுத்துத் தள்ளினார். அவற்றில் ஒன்றைக்கூட இன்று பார்க்க வழியில்லை.

சரி, படம் ஏன் முடங்கியது?

நாவலின் பதிப்புரிமை திருவனந்தபுரத்தில் இருந்த ‘கமலாலயா புக் டிப்போ’ என்ற பதிப்பகத்திடம் இருந்தது. அவர்களிடம் அனுமதி பெறாமல் படம் எடுக்கப்பட்டதாக வழக்கு. படம் திருவனந்தபுரம் காப்பிட்டல் தியேட்டரில் வெளியாகி, சில நாட்களுக்குள் ஓட்டம் நின்றது. பிரதி பறிமுதல் செய்யப்பட்டு, கடைசியில் பதிப்பகத்தின் கைக்குப் போனது. நாவலைத் திரைப்படமாக்கும் உரிமை தொடர்பாக இந்தியாவில் நடந்த ஆரம்பகால வழக்குகளில் இதுவும் ஒன்று.

‘பாட்டி சொன்ன கதை மாதிரி ஊருக்கே தெரிந்த கதைதானே, இதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?’ என்று அந்தக் காலத்தில் பலர் நினைத்திருக்கலாம். அதுவரை எடுக்கப்பட்ட தென்னிந்திய மௌனப் படங்களில் பெரும்பாலானவை ‘கீசக வதம்’ போன்ற புராணக் கதைகள். மகாபாரதத்துக்கு யாரும் ராயல்டி கேட்க முடியாது. ஆனால் நாவலுக்கு ஆசிரியர் இருக்கிறார், பதிப்பகம் இருக்கிறது. மார்த்தாண்ட வர்மா என்ற அரசர் வரலாற்றுக்குச் சொந்தம். ஆனால் பாருக்குட்டியும் சுபத்ராவும் சி.வி.ராமன் பிள்ளையின் கற்பனை. இந்த வித்தியாசம் தயாரிப்பாளருக்கு ரொம்ப விலை உயர்ந்த பாடமாகிவிட்டது.

வழக்கு எப்படிக் காப்பாற்றியது?

அந்தக் கால ஃபிலிம், செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. பஞ்சு வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம். எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது, ஏனென்றால் எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. வெப்பமும் ஈரமும் பட்டால் பிசுபிசுத்து, கடைசியில் தூளாகிவிடும். மதுரை வெயிலிலும் திருவனந்தபுரத்து மழையிலும் அது தாக்குப்பிடிப்பது அபூர்வம்.

இயற்கையை விடப் பெரிய எதிரி மனிதர்கள். ஓடி முடிந்த படத்தால் பைசா பிரயோஜனம் இல்லை என்பதே அப்போதைய எண்ணம். பேசும் படம் வந்த பிறகு மௌனப் படத்தைச் சீந்துவார் இல்லை. ஆனால் ஃபிலிமின் மேல்பூச்சில் வெள்ளி உண்டு. பழைய ஃபிலிமை எடைக்கு வாங்கி, வெள்ளியைப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் செல்லுலாய்டை வளையல் செய்யக் கொடுத்துவிடுவார்கள். எத்தனையோ நாயகிகளின் முகங்கள் வளையலாகிப் போயின.

‘விகதகுமாரன்’ கதி இன்னும் சோகம். டேனியலின் மகன் பின்னாளில் சொன்ன தகவல் இது: சின்ன வயதில், என்ன பொருள் என்றே தெரியாமல், எரியும் அழகைப் பார்ப்பதற்காக அந்த ஃபிலிம் சுருளைக் கொளுத்திவிட்டார்.

‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும் ஊர் ஊராகச் சுற்றித் தேயவில்லை. எடைக்கும் போகவில்லை. வழக்குச் சொத்தாகிவிட்டதால் பதிப்பகத்தின் கிடங்கில் புத்தகக் கட்டுகளோடு சேர்ந்து கிடந்தது. வெற்றிப் படமாகியிருந்தால், ஓடி ஓடியே அழிந்திருக்கும்!

பிரதி எப்போது கிடைத்தது?

1974-ல். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-ல் தொடங்கப்பட்டது. அதைக் கட்டியெழுப்பியவர் பி.கே.நாயர். திருவனந்தபுரத்துக்காரர், ‘மார்த்தாண்ட வர்மா’ வெளியான அதே 1933-ல் பிறந்தவர். பழைய படப் பெட்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டால் மாட்டுக் கொட்டகை, கிடங்கு என்று பார்க்காமல் தேடிப் போய்விடுவார். ‘செல்லுலாய்ட் மேன்’ என்ற 2012-ம் ஆண்டு ஆவணப்படம் அவரைப் பற்றியதுதான். அவர் காலத்தில்தான் கமலாலயாவிடமிருந்து இந்தப் பிரதி காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு 1990-களில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு மக்கள் பார்வைக்கு வந்தது.

இந்தியாவில் மொத்தம் சுமார் 1,300 மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. காப்பகத்தில் இருப்பவை சுமார் 30. அவற்றிலும் பல வெறும் துண்டுகள். காப்பகத்துக்குள் வந்தாலும் ஆபத்து முழுதாக நீங்கிவிடுவதில்லை. 2003 ஜனவரியில் புனேயில் ஏற்பட்ட தீ விபத்தில் ஆயிரக்கணக்கான நைட்ரேட் சுருள்கள் கருகின. மாற்றுப் பிரதி எடுத்து வைப்பது எவ்வளவு அவசியம் என்பதை அந்த விபத்து காட்டியது.

இன்றைக்கு அந்த நாவலை யாராவது படமாக்கினால்?

தாராளமாக எடுக்கலாம். சி.வி.ராமன் பிள்ளை 1922-ல் காலமானார். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அப்போது ஆசிரியர் இறந்த பின் 50 ஆண்டுகள்வரை உரிமை நீடித்தது. பின்னர்தான் அது 60 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. 50 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 1972-ம் ஆண்டு இறுதியோடு நாவல் பொதுவுடைமை ஆகிவிட்டது. அதாவது, படப்பெட்டி 1974-ல் காப்பகத்துக்கு வந்தபோது, எந்த உரிமைக்காக வழக்கு நடந்ததோ அந்த உரிமையே காலாவதியாகியிருந்தது.

தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. அரசே குடும்பத்தினருக்குப் பரிவுத்தொகை கொடுத்து, எழுத்தாளர்களின் படைப்புகளை நாட்டுடைமையாக்குகிறது. கல்கியின் நூல்கள் அப்படித்தான் 1990-களின் இறுதியில் எல்லோருக்கும் சொந்தமாயின. உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் கதை என்றால், முறையாக எழுதி வாங்காமல் படமெடுப்பது இன்றும் கோர்ட் வாசலில்தான் கொண்டு நிறுத்தும். ‘கதைத் திருட்டு’ச் சர்ச்சை இல்லாமல் ஒரு தீபாவளி போகிறதா என்ன?

நம் பக்கத்தில் செய்யக்கூடியது என்ன?

தொலைந்த தமிழ் மௌனப் படம் ஒன்று எங்காவது பெட்டிக்குள் கிடக்க வாய்ப்பு குறைவுதான். ஆனாலும் ‘மார்த்தாண்ட வர்மா’வும் நாற்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்ததுதான். மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர் வட்டாரத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர்கள், விநியோகஸ்தர்கள் குடும்பங்கள் ஏராளம். பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து தகர டப்பாவோ, துருப்பிடித்த ஃபிலிம் பெட்டியோ கிடைத்தால், பழைய இரும்புக் கடைக்கு அனுப்பும் முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்படிக் கிடைத்தால் கவனிக்க வேண்டியவை சில. பெட்டியை அடுப்பு, பீடி, வெயில் பக்கம் கொண்டுபோகக் கூடாது. சுருளைப் பிரித்து இழுத்துப் பார்க்கக் கூடாது. நைட்ரேட் ஃபிலிம் தயாரிப்பு 1950-களின் தொடக்கத்தில்தான் நின்றது. எனவே அதற்கு முந்தைய சுருள் எதுவானாலும் தீ அபாயம் உண்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நிழலான, காற்றோட்டமான இடத்தில், வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, புனே காப்பகத்துக்குத் தகவல் சொல்லலாம்.

படம் கிடைக்காவிட்டாலும் காகிதம் கிடைக்கும். பிட் நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், நாடக விளம்பரம், டிக்கெட் கட்டு எல்லாமே வரலாறுதான். காரைக்குடி அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாக இப்படிச் சேர்த்தவைதான், இன்று சென்னையில் ‘ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்’ ஆகி ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. பார்க்க முடியாத பல படங்களைப் பற்றி நமக்கு ஏதாவது தெரிகிறது என்றால், அது இத்தகைய காகிதங்களால்தான்.

சுந்தர்ராஜுக்கு அந்தப் படத்தால் கிடைத்தது வழக்கும் நஷ்டமும்தான். தென்னிந்தியாவின் மௌனப் படக் காலம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், எடுத்துக் காட்டுவதற்கு இன்று இருப்பதும் அவருடைய அந்த ஒரு படம்தான்.